ஸ்பைனி மாளிகையின் ஐந்நூறு ஆண்டு

ஜெபம் செய்வதற்கு எட்டடிக் கனத்தில் சுவர் தேவையில்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், மரே என்னும் கடலோரச் சீமையில், எல்ஜின் நகருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டின்மேல் நிற்கிற ஸ்பைனி மாளிகைக்கு அப்படிப்பட்ட சுவர்தான் இருக்கிறது. கட்டியவர் சிற்றரசர் அல்ல, படைத்தளபதியும் அல்ல. மரே மறைமாவட்டத்தின் ஆயர். அவருக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆயர்கள் வாழ்ந்த வீடு அது. இன்று கூரையில்லை, தளங்களில்லை. மதிலும், முற்றமும், தென்மேற்கு மூலையில் 22 மீட்டர் உயரத்துக்கு ஒரு வெறுங்கோபுரமும் மிச்சம்.

ஆயர் வீடு என்றால் உள்ளே மதச்சண்டையின் கதைதான் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர் ஏமாறுவார். மதச்சண்டையும் வந்தது, ஆனால் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்பு நடந்ததெல்லாம் நிலம், குத்தகை, பாக்கி, அந்தப் பாக்கியைக் கேட்டதால் முளைத்த பகை. மடத்து நிலமும் குத்தகை வழக்கும் நமக்குப் புதிதல்ல என்பதால் ஸ்பைனியின் கதை தமிழ் வாசகருக்குச் சுலபமாகவே பிடிபடும்.

மரேயின் ஆயர்களுக்குத் தொடக்கத்தில் நிலையான இருக்கையே கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் மறைமாவட்டம் உருவான பிறகும் பெர்னி, கினெடர், ஸ்பைனி என்று மூன்று ஊர்ச் சிறு தேவாலயங்களுக்கு இடையே மாறி மாறி இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆயர் பிரைஸ், பாப்பரசரின் ஒப்புதலோடு ஸ்பைனியில் தலைமைப் பேராலயத்தை நிலைநிறுத்தினார். பக்கத்திலேயே அவருக்கு ஒரு வீடு. முதல் வீடு மரத்தால் ஆனது.

இடத்தைத் தேர்ந்தவர் கெட்டிக்காரர். இப்போது மேட்டிலிருந்து பார்த்தால் சுற்றிலும் வயல்தான் தெரியும். அன்று மேட்டின் அடிவாரம்வரை தண்ணீர். ஸ்பைனி ஏரி அப்போது ஏரியல்ல. கடலோடு திறந்த வாயுள்ள காயல். படகுகள் உள்ளே வந்து மாளிகையின் அடியிலேயே சரக்கை இறக்கின. ஆயரின் வருமானத்தில் பெரும்பங்கு பணமாக வரவில்லை. ஓட்ஸ், பார்லி, ஆடு, கோழி, சால்மன் மீன் என்று பொருளாகவே வந்து சேர்ந்தது. இத்தனையையும் சேர்த்து வைக்க, விற்க, ஏற்றி அனுப்ப நீர்வழி வேண்டும். பூட்டி வைக்க வலுவான வீடு வேண்டும்.

பேராலயம் அங்கே நிலைக்கவில்லை. ஊர் தனித்துக் கிடக்கிறது, போர்க்காலத்தில் ஆபத்து, குருக்கள் சாமான் வாங்கக்கூட நெடுந்தூரம் போக வேண்டியிருப்பதால் வழிபாடு கெடுகிறது என்றெல்லாம் ரோமுக்கு மனு போனது. 1224இல் ஆயர் ஆண்ட்ரூ பேராலயத்தை எல்ஜினுக்கு மாற்றினார். ஆனால் ஆயரின் வீடு மட்டும் ஸ்பைனியிலேயே இருந்துவிட்டது. மனுவில் சொன்ன குறைகள் குருக்களுக்குப் பொருந்தின, ஆயருக்குப் பொருந்தவில்லை போலும். கடவுளுக்கு நகரத்திலும் களஞ்சியத்துக்குக் காயல் கரையிலும் இடம் என்று ஆயிற்று.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் மரம் போய்க் கல் வந்தது. சதுரமான முற்றம், அதைச் சுற்றி உயர்ந்த மதில், மூலைகளில் கொத்தளம். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு 1296இல் எல்ஜின்வரை படையோடு வந்துபோன காலம் அது. மதில் எழும்பியதில் வியப்பில்லை. ஆனால் ஆயர்களை உண்மையில் தூங்கவிடாமல் செய்தவர் ஆங்கிலேய மன்னர் அல்ல, சொந்த மன்னரின் மகன்.

அலெக்சாண்டர் ஸ்டூவர்ட், இரண்டாம் ராபர்ட் மன்னரின் மகன். வரலாறு அவரை ‘பேடனாக்கின் ஓநாய்’ என்று அழைக்கிறது. மலைநாட்டில் பேடனாக் அவருடைய ஆட்சிப் பகுதி. அதற்குள்ளேயே மரே ஆயருக்கும் நிலங்கள் இருந்தன. அந்த நிலங்களுக்கு மேலுரிமை யாருக்கு என்பதுதான் தகராறு. அப்போதைய ஆயர் அலெக்சாண்டர் பர், விட்டுக்கொடுக்காத மனிதர், பத்திரங்களின் மேல் அபார நம்பிக்கை கொண்டவர். ஓநாயோ பத்திரம் படிக்கிற ரகமல்ல. கொள்ளையரிடமிருந்து நிலங்களைக் காப்பாற்ற ஆயர் முதலில் ஓநாயையே காவலுக்கு நம்ப வேண்டியிருந்தது. காவல்காரரே தொல்லையாக மாறியபோது, 1390 தொடக்கத்தில், மரே பிரபுவின் மகன் தாமஸ் டன்பாருக்கு ஆண்டுத் தொகை பேசிக் காவலை மாற்றினார். அதற்கு முந்தைய ஆண்டில், மனைவியைக் கைவிட்டு வேறொரு பெண்ணோடு வாழ்ந்ததற்காக ஓநாயை ஆயர்கள் கண்டித்திருந்தார்கள். வருமானம் போனது ஒருபக்கம், மானம் போனது ஒருபக்கம்.

1390 ஏப்ரலில் பழைய மன்னர் இறந்தார். புதிய மன்னருக்கு முடிசூட்டு நடந்தது ஆகஸ்டில். அந்த இடைவெளிதான் ஓநாய்க்கு வாய்த்த நேரம். மே மாதம் ஃபாரெஸ் நகரம் எரிந்தது. ஜூன் 17 அன்று எல்ஜின் பேராலயம் எரிந்தது. பேராலயத்தோடு நகரின் பெரும்பகுதியும், குருக்களின் வீடுகளும், ஏடுகளும் பத்திரங்களும் எரிந்தன. நிலத் தகராறில் பத்திரங்கள் எரிவது எவ்வளவு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதிய ஆயர் பர், நாட்டின் அணிகலனாக இருந்த ஆலயம் சாம்பலாகிவிட்டது என்று மன்னருக்கு முறையிட்டார். ஓநாய் பெர்த் நகரில் பொதுவில் மன்னிப்புக் கேட்டு மீண்டும் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருடைய கற்சிலை இன்றும் கவசத்தோடு படுத்திருப்பது டன்கெல்ட் பேராலயத்துக்குள். ஒரு பேராலயத்தை எரித்தவருக்கு இன்னொரு பேராலயத்தில் நிரந்தர இடம்!

இந்தத் தீ ஸ்பைனியின் குணத்தை மாற்றிவிட்டது. எல்ஜின் ஆலயத்தைத் திரும்பக் கட்டும் வேலை தலைமுறைகளைத் தின்றது. அந்த வேலைக்குப் பணம் தர வேண்டியவை இதே நிலங்கள்தான். வருமானத்தைக் காப்பது முன்பைவிட முக்கியமாயிற்று. 1407 முதல் 1414 வரை ஆயராக இருந்த ஜான் இன்னஸ், கிழக்கு மதிலில் வாயிலைக் கட்டினார். நல்ல செதுக்குவேலை, மேலிருந்து இறங்கும் இரும்புக் கிராதி, நெற்றியில் அவருடைய குலச்சின்னம். வருகிறவனை வரவேற்கவும் தெரியும், வெளியே நிறுத்தவும் தெரியும் என்று சொல்கிற வாயில். இடிபாட்டில் இன்றைக்கும் கண்ணுக்கு அழகான பகுதி அதுதான்.

1451இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், மாளிகைக்கு அடுத்த சிற்றூருக்குச் சந்தை கூட்டும் உரிமையுள்ள பட்டணம் என்ற தகுதியைக் கொடுத்தார். மீனவர்களும் சில வணிகர்களும் இருந்த அந்தப் பட்டணத்தின் சுவடு இப்போது தரைமேல் இல்லை. காரணம் போர் அல்ல, கூழாங்கல். ஸ்பே ஆறு மலையிலிருந்து உருட்டி வந்து கடலில் கொட்டும் கல்லையும் மணலையும் கரையோர நீரோட்டம் மேற்கே தள்ளிக்கொண்டே போகிறது. அது மெல்ல மெல்லக் காயலின் வாயில் மேடாகச் சேர்ந்தது. மீனவர்கள் வெட்டிவிட்ட வழியைப் புயல் மூடியது. ஒருநாள் காயல் நன்னீர் ஏரியாகிவிட்டது. அன்னங்கள் வந்தன, கப்பல்கள் நின்றன. துறைமுக மாளிகை என்ற பெருமை அதோடு முடிந்தது.

இனி, அந்தக் கோபுரம்.

1462இல் டேவிட் ஸ்டூவர்ட் ஆயரானார். அருகிலிருந்த பெரும்புள்ளி ஹன்ட்லி பிரபு, கார்டன் குலத்தின் தலைவர். ஆயரின் நிலங்களை அனுபவித்துக்கொண்டு குத்தகை கட்டாமல் இருந்தவர். ஆயர் கேட்டுப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்: பிரபுவைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார். கார்டன்கள் கொதித்தார்கள். புறாக்கூண்டு போன்ற அந்த வீட்டிலிருந்து ஆயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன் என்று பிரபு மிரட்டினாராம். உன்னாலும் உன் குலம் மொத்தத்தாலும் இழுக்க முடியாத வீடொன்றைக் கட்டுகிறேன் பார் என்று ஆயர் பதில் அனுப்பினாராம். வாய்மொழியாக வந்த கதை. பேச்சு அப்படியே நடந்ததோ இல்லையோ, கட்டடம் நடந்தது.

டேவிட் கோபுரம் என்று அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இடைக்காலத்தில் எழும்பிய கோபுர வீடுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆறு தளம். அடித்தளத்தில் வட்டமாக ஒரு நிலவறை இருக்கிறது. அது இந்தக் கோபுரத்தைவிடப் பழையது, முன்பு அதே மூலையில் நின்ற கொத்தளத்தின் மிச்சம். பழையதை இடித்துத் தள்ளாமல் விழுங்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது புதியது. அதற்கு மேலே ஆயரின் கூடம், ஜன்னல் மாடங்களில் எதிரெதிராக உட்கார்ந்து பேசக் கல் திண்ணைகள். அதற்கும் மேலே தளத்துக்கு ஒரு பெரிய அறை. கிழக்குப் பக்கச் சுவரின் கனத்துக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாகச் சிற்றறைகள். உச்சியில் காவலர் நடக்க வழி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிரபு கட்டாத குத்தகைக்காக ஆறு தளக் கோபுரம் கட்டுவது லாபமா? அந்தப் பாக்கியைவிடக் கோபுரத்துக்கு ஆன செலவு பலமடங்கு இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆயர் வசூலிக்க நினைத்தது ஒருவரிடமிருந்து மட்டும் அல்ல. ஹன்ட்லி கட்டாமல் தப்பித்தால் நாளை சிறு குத்தகைக்காரனும் கட்ட மாட்டான். மரேயின் சமவெளியில் எந்த மூலையில் உழுகிறவனும் தலை நிமிர்ந்தால் கண்ணில் படும்படி ஒரு கட்டடம் நின்றால், அதுவே ஒரு நோட்டீஸ். டேவிட் ஸ்டூவர்ட் 1476இல் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. அடுத்து வந்த வில்லியம் டல்லக் முடித்தார். இருவருடைய குலச்சின்னங்களும் தெற்குச் சுவரில் இருக்கின்றன.

மூன்றாவதாக ஒரு சின்னமும் அங்கே இருக்கிறது. பேட்ரிக் ஹெப்பர்னுடையது. இந்த மாளிகையின் வாழ்க்கையில் இவரளவுக்குச் சுவாரசியமான ஆள் வேறு யாருமில்லை.

ஹெப்பர்ன் 1538இல் மரேயின் ஆயரானார். ஸ்கோன் மடத்தின் வருமானத்தையும் கையில் வைத்திருந்தார். துறவறம் அவருக்குப் பெயரளவில்தான். முறையற்றுப் பிறந்த பிள்ளைகளுக்கு அரசு முத்திரையோடு முறைமை வாங்கிக்கொடுத்த பத்திரங்கள் அவர் பெயரில் ஒன்றல்ல, பல உண்டு. காலம் மாறுவதை மற்றவர்களுக்கு முன்னால் மோப்பம் பிடித்தவர். வில்லுக்காகவும் ஏணிக்காகவும் கட்டிய சுவர்களில் வாய் அகன்ற பீரங்கித் துளைகளை வெட்டவைத்தவர் இவர்தான். டேவிட் கோபுரத்தின் அடித்தளத்துக்குப் போகிறவர் முதலில் பார்ப்பதே அவற்றைத்தான். அத்தனை கனமான சுவரைக் குடைந்து துளை போடுவது சாதாரண வேலையல்ல. கொத்தனார்கள் சபித்திருப்பார்கள்.

1559 ஜூனில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்களின் கூட்டம் ஸ்கோன் மடத்தை எரித்தது. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் பாப்பரசரின் அதிகாரத்தை ஒழித்தது, திருப்பலியைத் தடைசெய்தது. கத்தோலிக்க ஆயர் என்ற பதவிக்கே பொருளில்லாமல் போயிற்று. ஹெப்பர்ன் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. ஸ்பைனியைவிட்டு அசையவில்லை. எட்டடிச் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நிலமாகத் தன் உறவினருக்கும் வேண்டியவர்களுக்கும் எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

எழுதிக்கொடுத்த முறையைக் கவனிக்க வேண்டும். முன்பணமாக ஒரு பெருந்தொகை. அதற்குப் பிறகு நிலம் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கே. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு. ஆனால் அது என்றைக்கும் கூடாது. விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. சில பத்தாண்டுகளில் அந்தத் தொகை கைச்செலவுக்குக்கூடக் காணாது. முன்பணம் ஹெப்பர்ன் குடும்பத்துக்கு, நிரந்தர நஷ்டம் பின்னால் வருகிறவர்களுக்கு. முந்நூறு ஆண்டுகளாக ஆயர்கள் எந்த வருமானத்துக்காக மதில்மேல் மதிலாகக் கட்டினார்களோ, அந்த வருமானம் எந்த முற்றுகையும் இல்லாமல், பேனா முனையில் வெளியே போனது.

இத்தனைக்கும் நடுவே பெரிய விருந்தாளிகளும் வந்தார்கள். 1562 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அரசி மேரி வடக்கே சுற்றுப்பயணம் வந்தபோது ஸ்பைனியில் தங்கினார். அந்தப் பயணமே ஹன்ட்லியின் பலத்தை ஒடுக்கத்தான். டேவிட் ஸ்டூவர்ட்டை மிரட்டிய அதே குலத்தில் வந்த அன்றைய ஹன்ட்லி பிரபு, அக்டோபர் 28 அன்று காரிச்சி என்ற இடத்தில் அரசியின் படையிடம் தோற்று, பிடிபட்ட இடத்திலேயே இறந்துபோனார்.

இன்னொரு விருந்தாளி, வீட்டுப்பிள்ளை என்றே சொல்லலாம். பாத்வெல் பிரபு ஜேம்ஸ் ஹெப்பர்ன். சிறுவயதில் இந்த உறவுக்கார ஆயரிடம் ஸ்பைனியில் வளர்ந்தவர். ஆயரிடம் வளர்ந்த பிள்ளை ஒழுக்கமாக இருக்கும் என்று நினைத்தால், எந்த ஆயர் என்று கேட்க வேண்டும். பாத்வெல்தான் அரசி மேரியின் இரண்டாம் கணவர் டார்ன்லி கொலையில் முதல் சந்தேக ஆள், பிறகு அரசியின் மூன்றாம் கணவர். 1567 ஜூனில் கார்பெரி குன்றில் அரசியின் படை போரில்லாமலே கலைந்தபோது, அரசி சரணடைந்தார், பாத்வெல் தப்பினார். தப்பி வந்தது ஸ்பைனிக்கு. கிழவர் வரவேற்றார். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் பாத்வெல்லுக்கும் ஒத்துவராமல் அங்கிருந்தும் கிளம்பினார். ஆர்க்னி, ஷெட்லாண்டு, நார்வே என்று ஓடி டென்மார்க் மன்னரிடம் மாட்டிக்கொண்டார். கடைசியில் அடைக்கப்பட்டது டிராக்ஸ்ஹோம் கோட்டையில். 1578இல் அங்கேயே இறந்தார். அந்தக் கோட்டையும் ஓர் ஆயர் கட்டியதுதான்! ரோஸ்கில்டே ஆயர்களின் கோட்டை அது. டென்மார்க்கில் சீர்திருத்தம் வந்தபோது அரசு எடுத்துக்கொண்டு பெரிய இடத்துக் கைதிகளுக்கான சிறையாக்கியது. ஓர் ஆயரின் கோட்டையில் வளர்ந்து, இன்னொரு ஆயரின் கோட்டையில் செத்த மனிதர் பாத்வெல்.

1573இல் பேட்ரிக் ஹெப்பர்ன் தன் படுக்கையிலேயே இறந்தார். ஸ்காட்லாந்தே தலைகீழான பதின்மூன்று ஆண்டுகளில் யாரும் அவரை அந்த வீட்டைவிட்டு எழுப்பவில்லை. டேவிட் ஸ்டூவர்ட் சபதம் செய்தபடியே கோபுரம் வேலை செய்திருக்கிறது. காப்பாற்றியது யாரை என்பதுதான் விஷயம்.

அதற்குப் பிறகு நூறாண்டுக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மாளிகை இனி யாருடைய கதைக்கும் மையமில்லை. மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1589இல் மணப்பெண்ணைக் கூட்டிவர டென்மார்க்குக்குக் கிளம்பியபோது கையில் காசில்லை. உடன்போன அலெக்சாண்டர் லிண்ட்சே பத்தாயிரம் பொற்காசு கடன் கொடுத்தார். கடனுக்கு ஈடாக 1590இல் மரே ஆயரின் நிலங்களும் ‘ஸ்பைனி பிரபு’ என்ற பட்டமும் லிண்ட்சேக்கு வந்தன. கோயில் சொத்தை வைத்து மன்னர் கல்யாணக் கடனைத் தீர்த்தார். லிண்ட்சே பிறகு நிலத்தைத் திருப்பி விற்றார். 1607இல் எடின்பரோ தெருவில் உறவினர்களின் சண்டையை விலக்கப் போய்க் கொல்லப்பட்டார். மன்னர் மீண்டும் ஆயர்களை நியமித்தார். இவர்கள் புராட்டஸ்டண்ட் ஆயர்கள், பழைய பட்டமும் புதிய மதமும் கொண்டவர்கள். வருமானம்தான் இல்லை.

1638இல் கிளாஸ்கோவில் கூடிய திருச்சபைப் பொதுப்பேரவை, ஆயர்களே வேண்டாம் என்று முடிவுசெய்தது. ஸ்பைனியில் இருந்த ஆயர் ஜான் கத்ரி சாமான்களைச் சேர்த்து, ஆட்களை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டார். 1640 ஜூலையில் ஆயர்களை எதிர்த்த தரப்பின் கர்னல் மன்ரோவின் படை வந்து நின்றதும் கதவைத் திறந்துவிட்டார். ஹெப்பர்ன் வெட்டிய பீரங்கித் துளைகளுக்கு அன்றும் வேலையில்லை. 1645 உள்நாட்டுப் போரில் ஒருமுறை முற்றுகை பார்த்ததோடு மாளிகையின் போர்வாழ்வு முடிந்தது. 1660க்குப் பிறகு மன்னராட்சியோடு ஆயர்களும் திரும்பினார்கள், கூரையை ஒட்டுப்போட்டு வாழ்ந்தார்கள். அங்கேயே குடியிருந்து இறந்த கடைசி ஆயர் காலின் ஃபால்கனர், ஆண்டு 1686. அவருக்குப் பின் வந்த வில்லியம் ஹே, புதிய மன்னர் வில்லியத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து வெளியேற்றப்பட்டார். ஸ்காட்லாந்தின் அரசு ஏற்ற திருச்சபையில் ஆயர் பதவியே ஒழிந்தது. வீடு அரசின் சொத்தாயிற்று, அதாவது யாருடைய வீடும் இல்லை என்றாயிற்று.

ஒரு கட்டடம் எப்படிச் சாகும் என்பதற்கு ஸ்பைனி நல்ல பாடம். முதலில் இரும்பு போகும், எடுக்க எளிது, விலையும் உண்டு. பிறகு மரம்: கதவு, தளம், உத்திரம். கூரை போனால் மழைநீர் சுவரின் உள்நிரப்புக்குள் இறங்கும், சுண்ணாம்புக் காரை கரையும். பிறகு உழவர்கள் வண்டியோடு வந்து, கொத்திய கல்லாகப் பார்த்து எடுத்துப் போவார்கள். டேவிட் கோபுரத்தின் கிழக்குச் சுவரிலிருந்த சிற்றறைகளின் வளைவுக் கூரைகள் சரிந்தன. பக்கத்திலிருந்த பழைய தேவாலயமும் தப்பவில்லை. 1736இல் வட்டாரத் தேவாலயத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் தங்கியது.

ஆள் இல்லாத வீட்டுக்குப் பேய் குடிவருவது எல்லா ஊர் வழக்கமும்தான். அக்டோபர் கடைசி இரவில் கோபுரத்து ஜன்னல்களில் வெளிச்சம் தெரியும், இசை கேட்கும், பழைய ஆயர்கள் சூனியக்காரிகளோடு கூடிக் களிப்பார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஹெப்பர்னைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதில் பெரிய மிகை தோன்றியிராது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரியையும் எடுத்துவிட்டார்கள். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் திட்டப்படி லாஸிமவுத் கடற்கரைவரை கால்வாய் வெட்டி, கடல் ஏறும்போது மூடி இறங்கும்போது திறக்கும் மதகு வைத்து நீரை வடித்தார்கள். 1829 ஆகஸ்டில் மரேயைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளம் அதை உடைத்தது. நூற்றாண்டின் நடுவில் மறுபடி வடித்தார்கள். இப்போது ஏரி என்று மிச்சமிருப்பது நாணல் சூழ்ந்த ஒரு துண்டு. மற்றதெல்லாம் நல்ல விளைநிலம். காயலுக்காக இடம் தேர்ந்த வீடு, காரணம் தெரியாமல் வயலுக்கு நடுவே நிற்கிறது.

பழைய கல்லறைத் தோட்டத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ராம்சே மெக்டொனால்டு, பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர். 1866இல் பக்கத்து லாஸிமவுத்தில், மணமாகாத ஒரு பணிப்பெண்ணுக்குப் பிறந்தவர். முதல் உலகப்போரை எதிர்த்தார் என்பதற்காக 1916இல் உள்ளூர் கோல்ஃப் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கியது. லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் பேசியபோது பிரதமர் இவர்தான். 1932 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி தந்த வகுப்புவாரித் தீர்ப்பு இவர் பெயரில்தான் வந்தது. அதை எதிர்த்து காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்ததும், பூனா ஒப்பந்தம் பிறந்ததும், அதில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் ராஜாஜியும் கையெழுத்திட்டதும் தமிழகம் இன்றுவரை விவாதிக்கிற விஷயங்கள். 1937 நவம்பரில் கடற்பயணத்தின்போது மெக்டொனால்டு இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் இறுதி வழிபாடு நடந்தபின் அஸ்தியை ஸ்பைனிக்குக் கொண்டுவந்து, 1911இல் இறந்த மனைவி மார்கரெட்டுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நிலத்தில் உழைத்த எளிய மக்களின் வழியில் வந்தவர், ஆயர்களின் மாளிகை நிழலில் கிடக்கிறார். அவர் தந்தை ஓர் ஏர்க்கூலி.

1970களில் அரசு பாதுகாப்பில் மாளிகை வந்தது. 1986 முதல் அகழாய்வு நடந்தது. கோபுரத்துக்கு முட்டுக் கொடுத்து, உச்சிவரை ஏறப் படி அமைத்து, 1994இல் மக்களுக்குத் திறந்தார்கள். அருகே லாஸிமவுத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் போர் விமானங்கள் தலைக்குமேல் காது கிழியப் பறக்கும். கோபுரச் சுவர் அதற்கும் அசைந்ததாகத் தெரியவில்லை.

இந்த மாளிகையைக் கொன்றவர் யார் என்று கேட்டால், எரித்த ஓநாயையோ மிரட்டிய ஹன்ட்லியையோ மன்ரோவின் படையையோ நான் சொல்ல மாட்டேன். உள்ளேயே உட்கார்ந்து நிலத்தை எழுதிக்கொடுத்த ஹெப்பர்னைத்தான் சொல்வேன். அவருடைய குலச்சின்னம் இன்னும் சுவரில் இருக்கிறது.

ஸ்காட்லாந்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் எடின்பரோ கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். அபர்டீனிலிருந்து இன்வர்னஸ் போகும் ரயிலில் எல்ஜினில் இறங்குங்கள். ஓநாய் எரித்த பேராலயத்தின் இடிபாடு ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து லாஸிமவுத் சாலையில் சிறிது தூரம் போனால் ஸ்பைனி. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் கோடையில் போவது நல்லது. கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்.